முப்பது வயதுப் படகை ட்ரென்ட்-செவேர்ன் பயணத்துக்குத் தயார் செய்வது

ஒன்ராறியோவில் பனி கரையத் தொடங்கியதும் பழைய படகுகள் விற்பனைக்கு வரும். 1980களின் கடைசியிலோ 1990களிலோ கட்டியது, 22 முதல் 26 அடி நீளம், அணியத்தில் (முன்பகுதியில்) இரண்டு பேர் படுக்க ஒரு சின்ன அறை, உள்ளே மெர்க்ரூஸர் 4.3 அல்லது 5.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின், பின்னால் எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஆல்ஃபா ஒன் டிரைவ். கையைக் கடிக்காத விலையில் அதிகம் கிடைப்பது இந்த வகைதான். உப்பில்லாத தண்ணீரில், வருடத்துக்கு ஐந்து மாதம் மட்டும் ஓடியவை என்பதால் ஃபைபர்கிளாஸ் உடலும் எஞ்சின் இரும்பும் பெரும்பாலும் இன்னும் உழைக்கும். கெட்டுப்போயிருப்பது ரப்பர், வயர், மரம்.

அப்படியொரு படகை ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழியில் ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவரும் வேலை இது. ஒன்ராறியோ ஏரிப் பக்கம் ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் குடாவில் போர்ட் செவேர்ன்வரை 386 கிலோமீற்றர். படகுகளைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டிகளான லொக்குகளைப் பார்க்ஸ் கனடா மே மாதம் விக்ரோறியா தினத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை திறந்து, ஒக்ரோபரில் நன்றிகூறல் நாளோடு மூடும். ஆகவே பனி போய் லொக் திறக்கும்வரை உள்ள ஆறேழு வாரம்தான் வேலைக்காலம்.

புதிதாக வாங்கியவர்கள் முதலில் செய்வது இருக்கைத் துணி மாற்றுவதும் ஸ்பீக்கர் பூட்டுவதும். அது தப்பில்லை, ஆனால் கடைசியில் செய்யவேண்டியது. கையிலுள்ள காசில் பாதியை நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதற்கு ஒதுக்குங்கள். அடுத்த பங்கு பெற்றோலுக்கும் மின்சாரத்துக்கும். மிச்சமிருந்தால் மெத்தை.

டிரைவைக் கழற்றாமல் எதுவும் தெரியாது

படகின் பின்பலகையில் டிரைவ் தொங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். துருத்திபோல மடிப்பு மடிப்பாக ரப்பர் உறைகள் தெரியும். கடைக்காரர்கள் பெலோஸ் என்பார்கள். ஆல்ஃபா ஒன்னில் மூன்று உண்டு: சுழல்தண்டு மடங்கித் திரும்ப உதவும் யூ-ஜொயின்ற்றை மூடிய பெரியது, கியர் கேபிளைச் சுற்றிய சின்னது, புகை போகும் எக்ஸோஸ்ற் உறை. முதல் இரண்டில் எது கிழிந்தாலும் ஏரித் தண்ணீர் நேரே படகுக்குள் வரும். கட்டி வைத்த இடத்திலேயே படகு தாழ்வதற்கு இதுவே வழக்கமான காரணம். எக்ஸோஸ்ற் உறை கிழிந்தால் தாழாது. சத்தமும் புகையும்தான் கூடும்.

டிரைவை முழுக்க மேலே தூக்கி, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மேட்டில் இருக்காது, பள்ளத்தில் ஒளிந்திருக்கும். கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்றவருக்குச் சொல்லத் தெரியவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாயிருக்கும் பத்து வருட ரப்பர் முதல் வளைவில் பிளக்கும். குளிர்காலம் முழுக்க டிரைவைத் தூக்கியே வைத்திருந்த படகென்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். இழுபட்ட நிலையிலேயே உறைந்த ரப்பர் அது.

கழற்றும் முறை: முதலில் கியரை முன்னோக்கிய நிலைக்குப் போடுங்கள். ஆல்ஃபாவில் இதை மறந்தால் உள்ளேயிருக்கும் கியர்த் தண்டு சிக்கும், வெளியே வராது. இரண்டு பக்கமும் உள்ள தூக்கி உருளைகளைப் பிரித்து, ஆறு நட்டுகளையும் கழற்றி, டிரைவை நேரே பின்னோக்கி இழுக்கவேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையாது; தனியாளாகத் தாங்க முயலாமல் அடியில் ஒரு சில்லு வண்டியோ பலகை அடுக்கோ வையுங்கள்.

கழற்றியபின் பெலோஸை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பப் பூட்டுவது வீண். கூலியும் முதுகுவலியும் கழற்றுவதில்தான் இருக்கின்றன. ஆகவே அதே நாளில் இவற்றையும் பாருங்கள்.

பின்பலகையில் சுழல்தண்டைத் தாங்கும் கிம்பல் பெயரிங்கினுள் விரல் விட்டுச் சுற்றுங்கள். வெண்ணெய்போல வழுக்க வேண்டும். மணல் அரைபடுவதுபோல ஒரு நறநறப்பு விரலுக்குப் பட்டால் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது, மாற்றுங்கள். (ஓடும்போது சுக்கானைத் திருப்பினால் பின்னாலிருந்து உறுமல் கேட்டதென்றால் அதுவும் இதுதான்.) யூ-ஜொயின்ற் குறுக்குகளை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக்கூடாது.

பழைய பெலோஸ் இருந்த அலுமினிய விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் வெறும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பொருக்கின்மேல் புது ரப்பரை மாட்டினால் முதல் நாளே கசியும், பிறகு பொருள் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை. இறுக்கும் வளையங்களின் திருகு, நீண்ட திருப்புளி எட்டும் பக்கமாக நிற்கட்டும். பக்கத்து ரப்பரில் உரசும் பக்கமாக வேண்டாம்.

அடுத்தது பலரும் தவிர்க்கும் வேலை: எஞ்சின் நேராக இருக்கிறதா என்ற சோதனை. இதற்கென்று ஒரு நீண்ட இரும்புத் தண்டு உண்டு. பல மரீனாக்களில் (படகுத்துறைகளில்) வாடகைக்குக் கிடைக்கும். அதன் நுனியில் மெல்லியதாகக் கிறீஸ் பூசி, கிம்பல் பெயரிங் வழியாக, சுழல்தண்டு செருகும் எஞ்சினின் பல்வளையத்துக்குள் செலுத்துங்கள். இரண்டு விரல் பலத்தில் போய்வர வேண்டும். வெளியே எடுத்துக் கிறீஸைப் பாருங்கள். பற்களின் தடம் சுற்றிவர ஒரே ஆழத்தில் விழுந்திருந்தால் சரி. மேல்பக்கம் மட்டும் அழுந்தித் துடைபட்டிருந்தால் எஞ்சினின் முன்பக்கத் தாங்கிகளை ஏற்றி இறக்கி மறுபடி சோதியுங்கள். ஐந்தாறு தடவை எடுக்கும். முப்பது வருடத்தில் எஞ்சின் தாங்கும் ரப்பர் அமிழ்ந்திருப்பது இயல்பு. இதைப் பார்க்காமல் விட்டால் அந்தப் பல்வளையம் நடு ஏரியில் தேய்ந்து அறுந்து, எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டு நிற்கும்.

தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் டிரைவின் கீழ்ப்பாதிக்கு மேலே இருக்கிறது. கீழ்ப்பாதியைப் பிரித்து, ரப்பர் சக்கரத்தை மட்டுமல்லாமல் கூடு, தட்டு, கஸ்கெற் எல்லாம் சேர்ந்த பெட்டியாக வாங்கிப் போடுங்கள். 1991இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆல்ஃபாவுக்கும் அதற்கு முந்தியதற்கும் பாகம் வேறு. டிரைவின் தொடர் எண்ணைச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு. பழைய இம்பெல்லரில் இதழ் ஒன்று குறைந்தால் அது எங்கோ மேலே குழாயில் அடைத்துக்கொண்டு இருக்கிறது. தேடி எடுக்காமல் பூட்டினால் புது இம்பெல்லரோடும் எஞ்சின் கொதிக்கும்.

திரும்பப் பூட்டும்போது பற்களுக்குக் கிறீஸ், புது ஓ-வளையங்கள், புது கஸ்கெற், மறுபடியும் முன்னோக்கிய கியர். நட்டுகளுக்கு 68 நியூற்றன் மீற்றர், பழைய கணக்கில் 50 அடி-பவுண்ட். குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கியர் ஒயிலைக் கீழ் ஆணியைக் கழற்றி வடிக்கும்போது முதல் சில துளியைக் கவனியுங்கள். பால்தேநீர் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஏதோ ஒரு சீல் போய்விட்டது. புது ஒயிலை எப்போதும் கீழ்த் துளையிலிருந்து பம்ப் பண்ணி, மேல் துளையில் குமிழியில்லாமல் வழியும்வரை ஏற்றவேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கும். எஞ்சின் அறையில் ஒயில் போத்தல் உள்ள இரண்டாம் தலைமுறைக்கு ஏறத்தாழ 2 லீற்றர் பிடிக்கும். முதல் ஓட்டத்துக்குப் பின் போத்தலில் மட்டம் இறங்கும். ஒருமுறை நிரப்பினால் போதும், மறுபடி மறுபடி இறங்கினால்தான் கவலை.

துருவைத் தான் வாங்கி டிரைவைக் காப்பாற்றும் பலி உலோகத் துண்டுகள் இந்த ஏரிகளில் மக்னீசியமாக இருக்கவேண்டும். கடலில் ஓடிய படகு என்றால் துத்தநாகம் பூட்டியிருப்பார்கள். நன்னீரில் அதன்மேல் ஒரு படலம் படிந்து வேலை நின்றுவிடும். துண்டு கரையாமல் புதிதுபோல இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அவற்றின்மேல் பெயின்ற்றும் பூசவேண்டாம்.

பின்பலகையும் தரையும்

இந்தக் காலப் படகுகளின் பின்பலகை ஃபைபருக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்துச் செய்தது. தண்ணீர் ஏறினால் வெளியே அழகாயிருக்க உள்ளே உளுத்துப்போகும். திருப்புளியின் பிளாஸ்ரிக் பிடியால் சாணகலத்துக்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வரும் ஒலி, முற்றிய பூசணியைத் தட்டியதுபோல மந்தமாகும் இடத்தில் நின்று, உட்பக்கமாக 4 மில்லிமீற்றர் துளையொன்று போடுங்கள். வெளியே நீர்ப்பக்கம் போடாதீர்கள். வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது, எபொக்சியால் அடைத்துவிடலாம். கறுத்து ஈரமாக, தேயிலைச் சக்கைபோல வந்தால் பலகை போய்விட்டது. எஞ்சினைத் தூக்கிப் பின்பலகை மாற்றும் வேலை இந்தக் கோடைக்கு முடியாது. வாங்குமுன் தெரிந்திருந்தால் வேறு படகு பாருங்கள் என்பதே எங்கள் கருத்து.

மேல்தளத்தில் பூட்டிய கொக்கி, கைபிடிக் கம்பி, கயிறு கட்டும் கட்டை எல்லாவற்றின் திருகுத் துளைகளும் தண்ணீருக்கு வழிதான். ஒவ்வொன்றையும் கழற்றி, 6 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு 10 மில்லிமீற்றர் அளவில் துளையைப் பெரிதாக்கி, தடித்த எபொக்சி நிரப்பி, இறுகியபின் நடுவில் 6 மில்லிமீற்றர் துளைத்து, பியூற்றைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துப் பூட்டுங்கள். இனிமேல் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். இரண்டு வருடத்தில் விளிம்பு கழரும், பிறகு அந்த இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது.

எஞ்சின்

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை ஏரித் தண்ணீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிர்பவை. இலையுதிர்காலத்தில் வடிக்கத் தவறிய தண்ணீர் சனவரியில் உறைந்து வார்ப்பிரும்பைப் பிளக்கும். ஆகவே பழைய படகில் முதலில் ஒயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஒயில் சாம்பல் கலந்த பால் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது, இதற்குமேல் வாசிக்க வேண்டாம். நன்றாயிருந்தால், எஞ்சினின் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் ஆணிகளும் இரண்டு எக்ஸோஸ்ற் வார்ப்புகளின் ஆணிகளும் திரும்பப் பூட்டியிருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். வசந்தத்தில் பூட்ட மறந்து ஓட்டி, எஞ்சின் அறையை நிரப்பிக்கொள்வோர் ஒவ்வொரு வருடமும் உண்டு.

ஒயிலும் பில்ற்றரும் மாற்ற 4.3க்கு ஏறத்தாழ 4.3 லீற்றர், 5.7க்கு ஏறத்தாழ 4.7 லீற்றர், படகு எஞ்சினுக்கான 25டபிள்யூ-40. கரையில் வைத்து ஓட்டும்போது தண்ணீர்க் குழாயை டிரைவில் மாட்டி, முதலில் குழாயைத் திறந்து பிறகுதான் சாவியைத் திருப்பவேண்டும். இம்பெல்லர் சில நொடி உலர்ந்து ஓடினாலே இதழ் கருகிவிடும். கரையில் வேகத்தை ஏற்றாதீர்கள்.

கார் பாகக் கடையில் இதே எஞ்சினுக்கு ஸ்ராற்றர், ஓல்ற்றர்னேற்றர், டிஸ்ரிபியூற்றர் பாதி விலைக்குக் கிடைக்கும், உருவமும் அச்சொட்டாகப் பொருந்தும். வாங்காதீர்கள். படகுக்குரியவை உள்ளே எழும் பொறி வெளியே போகாதபடி மூடப்பட்டவை. காரின் கீழே காற்றோட்டம் உண்டு. படகின் அடிக்குழியான பில்ஜில் இல்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அங்கேயே தேங்கி நிற்கும். அதனால்தான் கனடாவில் எஞ்சினை இயக்குமுன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றுவிசிறியை ஓடவிடச் சொல்கிறது சட்டம். விசிறி இரைவது மட்டும் போதாது. வெளித்துளையில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். அறைக்குள் விசிறிக்குப் போகும் நெளிகுழாய் கிழிந்து தொங்குவது பழைய படகுகளில் சாதாரணம். அதன் வாய் பில்ஜின் அடியருகே இருக்கவேண்டும், ஆனால் வழக்கமாகத் தேங்கும் தண்ணீரில் மூழ்கக்கூடாது.

பெற்றோல் குழாய்களை விரலால் கசக்கிப் பாருங்கள். விறைத்திருந்தாலும் பிசுபிசுத்தாலும், உலர்ந்த துணியால் துடைத்து முகர்ந்ததில் பெற்றோல் மணத்தாலும் மாற்றவேண்டும். எதனோல் கலந்த இன்றைய பெற்றோலுக்கு முந்திய குழாய்கள் அவை. புதியதில் ஏ1-15 என்ற முத்திரை இருக்கட்டும். பெற்றோல் தாங்கியை நிரப்பும் தடித்த குழாயையும் மூச்சுக்குழாயையும் மறக்கவேண்டாம். தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரோன் பில்ற்றர் இல்லாவிட்டால் இப்போதே பூட்டுங்கள். இருந்தால் புதியதாக்கி, பழையதைக் கண்ணாடிப் போத்தலில் கவிழ்த்து அடியில் தண்ணீர் எவ்வளவு படிகிறதென்று பாருங்கள்.

மின்சாரம், சோறு உட்பட

பழைய படகின் டாஷ்போர்டுக்குப் பின்னே முந்திய மூன்று சொந்தக்காரரின் வயர்கள் தொங்கும். ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, எங்கும் போகாதவற்றை வெட்டி எறிவதில் ஒரு சனிக்கிழமை போகட்டும். புது வயர் ஈயம் பூசிய செப்பாக, பல இழையாக இருக்கவேண்டும். இணைப்புகளுக்குப் பசையுள்ள சுருங்கு குழாய். பற்றரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வயருக்கும், ஸ்ராற்றருக்குப் போவதைத் தவிர, ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வேண்டும். வயரின் தடிப்பைப் போய்வரும் மொத்த நீளத்துக்குக் கணக்கிடுங்கள்: 5 மீற்றர் தள்ளியிருக்கும் 5 ஆம்ப் குளிர்ப்பெட்டிக்கு நீளம் 10 மீற்றர், 12 கேஜ் போதும். மெல்லிய வயர் போட்டால் இரவில் பற்றரி சற்று இறங்கியதும் குளிர்ப்பெட்டி தானே நின்றுவிடும், பெட்டியைக் குறைசொல்வார்கள்.

எஞ்சின் நின்றிருக்கையில் விளக்கு, குளிர்ப்பெட்டிக்கென்று ஒரு பற்றரித் தொகுதியும் எஞ்சினை எழுப்ப ஒன்றும் தனித்தனியாக வேண்டும். எந்தப் பற்றரி என்று தேர்ந்தெடுக்கும் பழைய '1-2-இரண்டும்' சுவிட்ச் வேலை செய்யும், ஆனால் யாராவது ஒருவர் அதை 'இரண்டும்' என்பதில் விட்டுவிட்டுப் படுப்பார். வோல்ற்றேஜ் பார்த்துத் தானே சேர்க்கும், பிரிக்கும் ரிலே ஒன்று பூட்டினால் அந்த மறதிக்கு இடமில்லை. 13.3 வோல்ற் அளவில் சேர்க்கும், 12.8 அளவில் பிரிக்கும். விளக்கு, குளிர்ப்பெட்டித் தொகுதிக்கு கோல்ஃப் வண்டியின் 6 வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்தால் 210 முதல் 220 ஆம்ப்-மணி. பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் கையில் 100 என்று வையுங்கள். ஒரு நாள் செலவு, ஆம்ப்-மணியில்: குளிர்ப்பெட்டி 40 முதல் 45, விளக்குகள் 5, கைத்தொலைபேசிகள் 10, தண்ணீர்ப் பம்ப் 2.

சோறு? 500 வாட் குக்கரை இன்வேட்டரில் ஓட்டினால் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 45 ஆம்ப் இழுக்கும். 25 நிமிடத்தில் 19 ஆம்ப்-மணி. ஒருவேளைச் சோறு ஒரு 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாள்முழுக்கக் கொடுப்பதில் (25 முதல் 30 ஆம்ப்-மணி) முக்கால்பங்கை விழுங்குகிறது. முடியாததல்ல, ஆனால் கணக்கில் சேருங்கள். இன்வேட்டருக்கான வயர் தடிப்பாகவும் ஒரு மீற்றருக்குள்ளும் இருக்கட்டும். பியூற்றேன் காஸ் அடுப்பைப் படகுக்குள் பற்றவைக்காதீர்கள்: அந்தக் காஸும் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பில்ஜுக்குத்தான் இறங்கும். லொக் நிலையங்களில் புல்வெளியும் மேசையும் இருக்கின்றன. கறியை அங்கே தாளித்தால் படுக்கைத் துணியும் மணக்காது.

எஞ்சின் ஓடினால் பற்றரி நிரம்பும் என்ற நம்பிக்கையும் இந்த நீர்வழியில் அரைகுறைதான். வாய்க்கால்களில் வேகவரம்பு மணிக்கு 10 கிலோமீற்றர். அந்தச் சுற்றில் பழைய ஓல்ற்றர்னேற்றர் கொடுப்பது சொற்பம். லித்தியம் பற்றரியை நேரே அதோடு இணைத்தால் மறுபக்கச் சிக்கல்: அது கேட்பதையெல்லாம் கொடுக்க முயன்று ஓல்ற்றர்னேற்றர் சூடேறி எரியும். நடுவே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

பில்ஜ் பம்ப் மட்டும் முதன்மைச் சுவிட்சைத் தாண்டி, தன் பியூஸோடு நேரே பற்றரியில் இருக்கவேண்டும். மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கி, பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, இரண்டு வழியிலும் சோதியுங்கள். பெட்டியில் மணிக்கு 1100 கலன் என்று இருந்தாலும் குழாயில் ஏறி வெளியேறும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. நெளிகுழாயை எடுத்துவிட்டு உள்ளே வழவழப்பான குழாய் போட்டால் அதே பம்ப் கூடுதலாக இறைக்கும்.

மரீனாவிலிருந்து வயரில் எடுக்கும் கரை மின்சாரம் பூட்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை. உப்புத் தண்ணீரைவிட நன்னீரில் மின்கசிவு ஆபத்து. நன்னீரை விட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதால், கசியும் மின்சாரம் நீந்துபவரின் உடலைத் தேடி வரும். தசை செயலிழந்து சத்தமில்லாமல் மூழ்குவார்கள். 30 மில்லிஆம்ப் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கர் போடுங்கள். போட்டாலும் மரீனா மேடையருகே பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். பக்கத்துப் படகின் வயரை யார் பார்த்தது?

கழிப்பறை நாற்றமும் குடிதண்ணீரும்

ஒன்ராறியோவில் கழிவை ஏரியில் விடமுடியாது. தாங்கியில் சேர்த்து மரீனாவில் உறிஞ்சி எடுக்கவேண்டும். பழைய படகில் வெளியே தள்ளும் குழாய் இருந்தால் கழற்றித் துளையை அடைத்துவிடுங்கள். நாற்றத்துக்குத் தாங்கியைக் குறைசொல்லுமுன் குழாயைச் சோதியுங்கள்: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறியதும் எடுத்து முகருங்கள். துணி நாறினால் ரப்பர் ஊறிவிட்டது, எந்த மருந்தும் உதவாது. தாங்கியின் மூச்சுக்குழாய் வாயில் சிலந்தி வலை அடைப்பது அடுத்த காரணம். காற்று போகாவிட்டால் நாற்றக் கிருமிதான் வளரும்.

குடிதண்ணீர்த் தாங்கியில் குளிருக்கு விட்ட இளஞ்சிவப்புத் திரவத்தை நுரை நிற்கும்வரை வெளியேற்றி, பிறகு லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் வீதம் மணமில்லாத வீட்டுப் பிளீச் கலந்த தண்ணீரை நிரப்பி, எல்லாக் குழாயிலும் அந்த மணம் வரும்வரை திறந்துவிட்டு, சில மணிநேரம் வைத்துக் கழுவுங்கள்.

லொக்குகளுக்கான சாமான்

பீற்றர்பரோவின் 1904ஆம் ஆண்டுத் தூக்கு லொக் உங்களை 19.8 மீற்றர் ஒரே மூச்சில் ஏற்றும். பிக் ஷூற்றில் படகைத் தண்டவாள வண்டியில் வைத்து மேட்டைத் தாண்டிக் கொண்டுபோவார்கள், அங்கே டிரைவைத் தூக்கச் சொன்னதும் தூக்கவேண்டும். கேர்க்ஃபீல்டிலும் ஒரு தூக்கு லொக் உண்டு. மற்றவை சாதாரண லொக்குகள். உள்ளே எஞ்சின் நிறுத்தவேண்டும் என்பதால் சூடான எஞ்சின் அறையில் ஆவி சேரும். மறுபடி இயக்குமுன் விசிறியை மறக்கவேண்டாம்.

படகு சுவரில் உரசாமல் தொங்கவிடும் ஃபெண்டர் பக்கத்துக்கு மூன்றாவது வேண்டும், முடிந்தால் நான்கு. சுவர் பாசி பிடித்தது. வெள்ளை ஃபெண்டர் ஒரே நாளில் பச்சையாகும், துணியுறை போடுங்கள். முன்னும் பின்னும் 10 மீற்றர் கயிறு ஒவ்வொன்று. சுவரில் செங்குத்தாகத் தொங்கும் வடத்தைச் சுற்றி வளைத்துக் கையில் பிடிக்கவேண்டும், கட்டக்கூடாது. தண்ணீர் இறங்கும்போது கட்டிய படகு தொங்கிவிடும்.

களைகள் கவார்த்தா ஏரிகளின் தலைவலி. டிரைவின் தண்ணீர் வாயில் அடைத்ததும் சூட்டுமானி ஏறும். கியரைப் பின்னோக்கிப் போட்டு ஒரு நொடி தள்ளினால் பெரும்பாலும் கழன்றுவிடும். றைஸ் ஏரியில் பழைய கோபேர்க்–பீற்றர்பரோ ரயில்பாதையின் மிச்சம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. மிதவைகளுக்கு நடுவே போங்கள். மேல்நோக்கிப் போகையில் சிவப்பு மிதவை வலப்பக்கம். கேர்க்ஃபீல்ட் லொக்கைத் தாண்டியதும் இறக்கம் தொடங்குவதால் பக்கம் மாறும். எதற்கும் ஒரு மாற்றுப் புரொப்பெல்லர், அதன் நட்டு, மடக்கு வளையம், 1 1/16 அங்குலச் சாவி, புரொப்பெல்லர் சுழலாமல் முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

நங்கூரம் 24 அடிப் படகுக்கு 7 முதல் 10 கிலோ, களைத்தரையில் தட்டையான மடக்கு வகையைவிடக் கலப்பை வகை நன்றாகப் பிடிக்கும். 5 மீற்றர் சங்கிலி, 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 50 மீற்றர். ஆழம் 3 மீற்றர், அணியத்தின் உயரம் 1 மீற்றர் என்றால் இரண்டையும் கூட்டி ஏழால் பெருக்குங்கள், 28 மீற்றர் விடவேண்டும்.

ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை, ஆளுக்கொரு அளவான உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் வீசுகயிறு, திரும்ப ஏற ஏணி, தீயணைப்பான், நீர்புகா டோர்ச், ஒலியெழுப்பி, விளக்குகள் இவை சட்டப்படி வேண்டும். ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஒளிக்குச்சிகள் (ஃபிளேர்) உற்பத்தியாகி நான்கு வருடம்தான் செல்லும்; படகோடு வந்த பழையவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அறைக்குள் கார்பன் மொனொக்சைட் எச்சரிப்பான் ஒன்று. பின்பக்கத் துணிக்கூடாரம் மூடி மெதுவாக ஓடும்போது புகை முன்னோக்கி உள்ளே இழுபடும்.

இறக்கும் நாள்

சாய்தளத்தில் நிற்கும்போதே வடிகால் தக்கையைப் பூட்டி, இரண்டாவது ஆளிடம் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். (2022 சனவரி முதல் ஒன்ராறியோவில் படகை வண்டியில் கொண்டுபோகும்போது தக்கையைக் கழற்றியே வைத்திருக்கவேண்டும், படகோடு கூட வரும் சிப்பியையும் களையையும் தடுக்க. அதனாலேயே மறதியும் கூடிவிட்டது.) படகு மிதந்ததும் அதை வண்டியோடு பிணைத்த கட்டை உடனே அவிழ்க்காதீர்கள். எஞ்சின் மூடியைத் திறந்து, டோர்ச்சோடு பின்பலகையின் உட்பக்கத்தில் கிம்பல் வளையத்தைச் சுற்றிக் காய்ந்த தாளொன்றை ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் அப்படியே மேலே இழுத்துவிடலாம்.

தாள் காய்ந்திருந்தால் மேடையில் கட்டி, முன்னோக்கிய கியரில் மெதுவாகப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுக்கானை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, மறுபடி தாள். முதல் இரவு படகை மரீனாவிலேயே விட்டு, அதிகாலையில் போய் பில்ஜில் தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். ஒரு விரற்கடைக்குமேல் ஏறியிருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, டிரைவின் நட்டுகளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.